மாவடை மரவடை

பிஷப் இருக்கிற ஆயர் இல்லத்தில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்தேன் என்று சொன்னால், அடுத்து என்ன கேட்பார்கள் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். கலசப்பாக்கம் சந்தையில் கத்திரிக்காய் நிறுத்துப் போடுகிறவர்கூடத் தராசைப் பிடித்தபடி கேட்டிருக்கிறார்: "கோடி கோடியா வச்சிருக்காங்களாமே, நெசமாங்க?"

நான் கிறிஸ்தவன் இல்லை. நெற்றியில் திருநீறோடுதான் கடைசி நாள்வரை வேலைக்குப் போனேன். யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. அதனால் எனக்கு அவர்களைத் தூக்கிவைத்துப் பேச வேண்டிய அவசியமும் இல்லை, விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. பதில் இதுதான்: ஆமாம், வைத்திருக்கிறார்கள், காகிதமாக. சொத்துப் பிரிவு என்று பெயர் போட்ட என் அறையில் நாலு இரும்பு பீரோக்கள். உள்ளே பத்திரங்கள். பள்ளிக்கூட இடம், கோயில் இடம், கல்லறை இடம், யாரோ ஒரு பிள்ளையில்லாத அம்மா எழுதிவைத்த ஓட்டு வீடு, வெள்ளைக்காரச் சாமியார் காலத்தில் வாங்கிப்போட்ட கரம்பு நிலம். அந்த நாலு பீரோவையும் விலைபோட்டால் கத்திரிக்காய்க்காரர் மயங்கி விழுந்துவிடுவார். அதே ஆயர் இல்லத்தில் ஜீப்புக்கு டயர் வாங்கக் காசில்லாமல் ஒட்டுப்போட்டு ஓட்டியதையும் பார்த்திருக்கிறேன். இரண்டுமே உண்மை.

இப்போது அந்தப் பத்திரங்களை எல்லாம் கணினியில் ஏற்றுகிறார்கள். என் நாற்காலியில் இப்போது இருக்கிற ஸ்டெல்லா வாரம் ஒருமுறை போன் செய்து, அழிந்துபோன சர்வே எண்ணையும் என் கிறுக்கல் எழுத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். போன மாதம், "சார், நீங்க பார்த்ததுலயே மறக்க முடியாத பத்திரத்தப் பத்தி ரெண்டு பக்கம் எழுதித் தாங்க, நம்ம ஆபீஸ் மலர்ல போடலாம்" என்றார். இதைப் போடமாட்டார்கள் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

நான் தொழில் கற்றது ஒரு பதிவு அலுவலகத்தின் வாசலில், ஒரு பத்திர எழுத்தரிடம், மூன்று வருஷம். அவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். பிழை வந்தால் தாளைக் கிழித்துவிட்டு அதன் விலையை என் கூலியில் பிடித்துக்கொள்வார். அந்தப் பயத்தில் பத்திரத்தின் கடைசிப் பகுதி எனக்கு மனப்பாடமாகிவிட்டது: "மேற்படி நிலமும் அதில் அடங்கிய மேடு பள்ளம், கிணறு, மாவடை மரவடை, வழிநடைப் பாத்தியம் சகிதமாக." மாவடை மரவடை என்றால் நிலத்தில் நிற்கிற சகல மரங்களும் என்று பொருள். வாங்குகிறவருக்குப் பின்னால் வில்லங்கம் வராமல் இருக்க எல்லாப் பத்திரத்திலும் எழுதுவது. ஒரு செடிகூட முளைக்காத பாறைப் பொட்டலுக்கும் நான் மரவடை எழுதியிருக்கிறேன். பேனா அந்த இடத்துக்கு வந்தால் தானாகவே ஓடும்.

ஆயர் இல்லத்துக்கு என்னை அழைத்துப்போனவர் ஃபாதர் இன்னாசி. ஆயரின் ஆளுகைப் பகுதியான மறைமாவட்டத்தின் சொத்துக்கும் பணத்துக்கும் பொறுப்பான சாமியார், பொருளாளர். ஒல்லியான மனிதர். வந்த கல்யாணப் பத்திரிகைகளைத் தூக்கிப்போடமாட்டார். பின்பக்கத்தில் கணக்கு எழுதுவார். ஒருமுறை ஒரு கட்டட ஒப்பந்தக்காரருக்கு, அவரே அனுப்பியிருந்த அவர் மகள் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்திலேயே 'உமது மதிப்பீடு அதிகம்' என்று எழுதிய கடிதம் போய்ச் சேர்ந்தது. அவர் அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தார். மதிப்பீட்டையும் குறைத்தார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு காலிமனை இருந்தது. ஜவுளிக்கடைக்காரர்கள் மாறி மாறி வந்து கேட்பார்கள். கொடுத்தால் ஒழுகுகிற ஆஸ்பத்திரிக் கூரையை மாற்றலாம், முதிய சாமியார்கள் இல்லத்துக்கு ஒரு வருஷச் சாப்பாடு ஆகும். ஃபாதர் இன்னாசி டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிடுவார். "இது எஞ்சொத்து இல்ல ஏழுமல, ஆயருதும் இல்ல. நாம காவக்காரங்க. காவக்காரன் தோப்ப விக்க முடியாது." கொடுக்கவும் முடியாது என்பதை அவர் தனியாகச் சொல்லவில்லை. திருச்சபைச் சொத்தில் ஒரு சென்ட் கை மாற வேண்டுமென்றாலும் நிதிக் குழு கூடிச் சம்மதிக்க வேண்டும். ஆயரே நினைத்தாலும் தனியாக முடியாது. நல்ல விதிதான். திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு. ஆனால் பூட்டுக்குத் திருடன் யார், வீட்டுக்காரன் யார் என்று தெரியாது.

சொத்து வருவதில் அவர் ஒரு முறையை விடாமல் கடைப்பிடித்தார். யாராவது நிலமோ வீடோ தானமாக எழுதிக்கொடுத்தால், கையெழுத்துக்கு முன்னால் முழுப் பத்திரத்தையும் கொடுப்பவர் காதில் விழும்படி நிறுத்தி நிறுத்தி வாசிக்க வேண்டும். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் "சரிங்களா?" என்று கேட்க வேண்டும். பிறகு வாசிப்பு நோட்டு என்று நாங்கள் வைத்திருந்த நீளமான நோட்டில், தானம் தந்தவர் பெயருக்கு எதிரே 'வாசித்துக் காட்டப்பட்டது' என்று எழுத வேண்டும்; ஆட்சேபணை ஏதாவது சொன்னால் அதையும் அவர் வார்த்தையிலேயே அப்படியே எழுத வேண்டும். ஆட்சேபணை எழுதப்பட்டால் பத்திரம் அன்றைக்குப் பதிவாகாது. ஒரு கிழவர் கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமை வேண்டும் என்று சொன்னதற்காக ஃபாதர் பத்திரத்தைத் திரும்ப எழுதவைத்திருக்கிறார். முத்திரைத்தாள் வீணாயிற்றே என்று நான் முணுமுணுத்தேன். "வீணாகட்டும்" என்றார். அவ்வளவுதான் அவர் கோபம்.

இனி ஜவ்வாது மலைப் பத்திரம்.

நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் சடையன் என்று ஒரு விவசாயி. சாமையும் கேழ்வரகும் போடுகிற குடும்பம். அவர் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகி, தூளி கட்டித் தூக்கிக்கொண்டு கீழே வரும் வழியில், மருந்துப்பெட்டியோடு மலை ஏறிக்கொண்டிருந்த கன்னியாஸ்திரி ஒருவர் பாதையோரத்திலேயே பிரசவம் பார்த்துத் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றினார். அந்த ஆண் பிள்ளை பிறகு காய்ச்சலில் போய்விட்டது. ஆனாலும் சடையன் அந்தச் சிஸ்டரை மறக்கவில்லை. ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் முன்னிலையில், மலைப்பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதி கட்டிக்கொள்ளச் சொல்லி, தன் நிலத்தில் இரண்டு ஏக்கரைக் கொடுப்பதாகச் சொன்னார். அவர் மதம் மாறவில்லை, யாரும் கேட்கவுமில்லை. மலைவாசி நிலம் என்பதால் கலெக்டர் அனுமதிக்கே ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்தோம்.

பதிவு நாளன்று எங்கள் ஜீப்பில் மலையிலிருந்து நாலைந்து பேரோடு சடையன் வந்து இறங்கினார். அனுமதி ஆணையோடு ஃபாதர் அலுவலகத்துக்குள்ளே போய்விட்டார். நான் வெளியே வேப்பமரத்தடியில் வாசித்தேன். சாப்பாட்டு வேளைக்கு முன் முடிக்காவிட்டால் இன்னொரு நாள் அந்த மலையிலிருந்து எல்லாரும் வரவேண்டும். கடைசிப் பக்கத்தில் வேகமாகப் போனேன். சடையன் கையை உயர்த்தினார்.

"மரம்னு இன்னாமோ சொன்னீங்களே, இன்னாதுங்க அது?"

"அதுங்களா, எல்லாப் பத்திரத்துலயும் வழக்கமா எழுதறது. ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லியா?"

"ஒண்ணுமில்ல. சரிங்களா?"

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். படித்தவன் சொல்கிறான் என்று தோன்றியிருக்க வேண்டும். "சரிங்க" என்றார். உள்ளே போய்ப் பெருவிரல் ரேகை வைத்தார். வாசிப்பு நோட்டில், ஆட்சேபணை இல்லை என்று எழுதினேன். எனக்குச் சொந்தமாகப் பத்திரம் எழுதும் உரிமம் இல்லாததால், எழுதியவர் என்ற இடத்தில் என் பழைய முதலாளி கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தப் பத்திரத்தில் எங்கேயும் என் பெயர் கிடையாது.

இரண்டு வருஷம் கழித்து விடுதிக்குச் சுற்றுச்சுவர் அளக்க மேலே போனபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த இரண்டு ஏக்கரில் பதினோரு புளியமரங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. கோணப்புளி, கரடிப்புளி, தேன்புளி, இரட்டைக்காலி. அந்த மலையில் நிலம் வேறு, மரம் வேறு. நிலத்தைக் கொடுத்தால் மரம் போகாது. மரத்தைக் கொடுப்பதென்றால் அதன் பெயரைச் சொல்லித் தனியாகக் கொடுப்பார்கள். சடையன் அந்தப் பதினோரு மரத்தையும் பெயர் சொல்லித் தன் மகள் குப்பம்மாவுக்குக் கல்யாணச் சீராக ஏற்கெனவே கொடுத்துவிட்டார். என் பத்திரத்தில் ஒரு மரத்தின் பெயரும் இல்லை. ஆகவே மலைக்காரர்கள் கணக்கில் ஒரு மரமும் போகவில்லை. சட்டத்தின் கணக்கில் பதினொன்றும் போய்விட்டது.

அன்றைக்கே ஃபாதர் இன்னாசியிடம் சொல்லியிருக்கலாம். பிழைத்திருத்தப் பத்திரம் ஒன்று போட்டால் தீர்ந்திருக்கும். திட்டுவாரே என்று தள்ளிப்போட்டேன். சிஸ்டர்களுக்கு மரங்களைப் பற்றி ஒரு எண்ணமும் இல்லை. குப்பம்மா வருஷா வருஷம் ஆள் வைத்து உலுக்கி, கீழே வியாபாரிக்குப் போட்டுவிட்டு, விடுதிச் சமையலுக்கு ஒரு கூடை தானாகக் கொடுத்துவந்தார். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். அந்தச் சமாதானம் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் தாங்கியது. இடையில் சடையன் போய்ச் சேர்ந்தார். ஃபாதர் இன்னாசியும் போய்விட்டார்.

அதற்குள் ஆயர் இல்லத்தின் நிலைமை மாறிவிட்டது. வெளிநாட்டிலிருந்து விடுதிகளுக்கு வந்துகொண்டிருந்த உதவி குறைந்து, பிறகு நின்றது. புதிய பொருளாளர் ஃபாதர் ஆல்பர்ட் கெட்டவர் இல்லை. இதை நான் அழுத்தியே சொல்ல வேண்டும். என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். இரவல் சைக்கிளில் பங்குக் கோயில்களைச் சுற்றிய மனிதர். மலை விடுதியில் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு முட்டை போட்டுவந்தது நின்றுபோனதை அடிக்கடி சொல்வார். "சொத்து இவ்ளோ இருக்கு சார், பிள்ளைங்களுக்கு முட்டை இல்ல. ஒவ்வொரு இடமும் அதோட செலவ அதுவே சம்பாதிக்கணும்" என்றார். நான் தலையாட்டினேன். மலைக்குப் போய்விட்டு வந்தவர் பத்திரத்தை எடுத்துப் பார்த்தார். அடுத்த வாரம் பதினோரு மரத்தின் மகசூலும் ஏலத்துக்கு வந்தது. கீழேயிருந்து ஒரு குத்தகைக்காரர் எடுத்தார். விடுதிக்கு மறுபடி முட்டை வந்தது.

நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது குப்பம்மா ஆயர் இல்லத்துக்கு வந்தார். கணவனும் இல்லை, நிலமும் பெரிதாக இல்லை. பதினோரு மரம்தான் அவருக்கு எல்லாமே. மலை ஜீப்பு, பஸ், இன்னொரு பஸ் என்று மாறி வந்து களைத்திருந்தார். ஃபாதர் ஆல்பர்ட் நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார். நான் பக்கத்து மேஜையில் பத்திரத்தோடு இருந்தேன். குப்பம்மா மரங்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னார், பிள்ளைகள் பெயரைச் சொல்வதுபோல.

"நீங்க சொல்றத நம்பறேன்மா. ஆனா பத்திரத்துல மரவடைன்னு இருக்கே. அன்னிக்கு வாசிச்சுக் காட்டினாங்களே, உங்கப்பா ஒண்ணும் கேக்கலியா?"

"கேட்டாரு சாமி. படிக்கச் சொல்லோ மரம்னு காதுல வுழுந்துது. இன்னாது அதுன்னு கேட்டாரு. படிச்ச ஆளு, ஒண்ணுமில்ல, வழக்கமா எழுதறதுன்னு சொல்லிட்டாரு. அத்த நம்பித்தான் எங்கப்பன் ரேகை வச்சாரு."

"யாரும்மா படிச்சது?"

குப்பம்மா டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பேரு தெரியாதுங்க சாமி" என்றார்.

ஃபாதர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமா சார்?"

நான்தான் என்று சொல்ல ஒரு வினாடி போதும். என் மகள் மறைமாவட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆறு வருஷமாகத் தற்காலிக ஆசிரியை. அவளை நிரந்தரமாக்கும் தாள் அந்த மாத நிதிக் குழுக் கூட்டத்துக்கு வைக்கப்பட்டிருந்தது. அவளுக்கு வரன் பேசி முடிக்காமல் நின்றதும் அந்த ஒரு தாளுக்காகத்தான். ஒரு ஏழை விவசாயியை ஏமாற்றிக் கைநாட்டு வாங்கிய குமாஸ்தாவின் மகள் என்று அந்த மேஜையில் ஒரு பேச்சு வந்தால் என்ன ஆகும் என்று எனக்குப் பயம். "பழைய பத்திரம் ஃபாதர். பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

குப்பம்மா இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். டீயைக் குடித்து முடித்துவிட்டும் எழவில்லை. பஸ் போய்விடும் என்று ஃபாதர்தான் நினைவுபடுத்தினார்.

நான் சும்மா இருந்துவிடவில்லை. மலை வழக்கத்தை விளக்கி, மரவடை என்பது பழக்கத்தில் எழுதப்பட்ட சொல் என்று சொல்லி, பிழைத்திருத்தப் பத்திரம் போடலாம் என்று மூன்று பக்கக் குறிப்பு எழுதிக் குழுவுக்கு வைத்தேன். நல்ல குறிப்பு. சடையன் கேட்டதும் நான் சொன்னதும் மட்டும் அதில் இல்லை.

கூட்டத்தன்று நான் வராந்தாவில் காத்திருந்தேன். நடுவில் ஃபாதர் ஆல்பர்ட் வெளியே வந்தார்.

"சார், குழுவுல ஒரே ஒரு கேள்விதான். கொடுத்தவரு வாசிக்கும்போதே சந்தேகம் கேட்டிருந்தா, அவருக்குத் தெரியாம நடந்த பிழைன்னு சொல்லித் திருப்பிக் குடுத்துடலாம்ங்கறாங்க. தெரிஞ்சே ரேகை வச்சிருந்தா, திருச்சபைச் சொத்த எடுத்துக் குடுக்க நமக்கு அதிகாரம் இல்ல. அந்த அம்மா சொல்றத விட்டா வேற ஆதாரம் இருக்கா?"

வாசிப்பு நோட்டை விரித்துக் காட்டினேன். "ஆட்சேபணை எதுவும் பதிவாகலீங்க ஃபாதர்" என்றேன்.

பதிவாகவில்லை என்பது உண்மை. பதிவு செய்ய வேண்டியவன் நான்.

அவர் நோட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு உள்ளே போனார். குழு அந்த அம்மாவின் நிலைமையை இரக்கத்தோடு பரிசீலித்ததாகத் தீர்மானத்தில் எழுதியிருந்தார்கள். குத்தகை யாருக்குப் போனாலும் புளி பொறுக்கும் கூலி வேலையில் குப்பம்மாவுக்கே முதல் உரிமை என்று ஒரு நிபந்தனை சேர்த்தார்கள். அந்தத் தீர்மானத்தைத் தட்டச்சு செய்தது நான். அதே கூட்டத்தில் என் மகளின் வேலை நிரந்தரமாயிற்று. இரண்டும் ஒரே தாளில் முன்னும் பின்னுமாக இருந்தன.

எனக்குச் சால்வை போட்டு அனுப்பினார்கள். முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு சென்ட் நிலம்கூட மறைமாவட்டத்தின் கையை விட்டுப் போகவில்லை என்று ஃபாதர் ஆல்பர்ட் பாராட்டிப் பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன்.

மகள் கல்யாணம் முடிந்து, வந்த பங்குனியில் மலைக்குப் போனேன். திருப்பத்தூர் போய் மலைப் பஸ் ஏறி, கடைசியில் ஷேர் ஜீப்பில் தொங்கிக்கொண்டு. வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதில் எழுதி எழுதி அடித்தேன். விடுதிக்குப் பின்னால் குத்தகைக்காரரின் ஆட்கள் மரத்தில் ஏறி உலுக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே நாலைந்து பெண்கள் பொறுக்கினார்கள். குப்பம்மா தனியாக ஒரு மரத்தடியில் குனிந்து நிரம்பிய மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"வாங்க" என்றார். "வூட்டுல எல்லாரும் நல்லாருக்காங்களா?"

"நல்லாருக்காங்கம்மா." எழுதி வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய்விட்டது. "அன்னிக்குப் பத்திரம் படிச்ச ஆளு நான்தாம்மா. ஒண்ணுமில்லன்னு உங்கப்பாகிட்ட சொன்னது நான்தான்."

அவர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"தெரியும்ங்க. நானும் ஜீப்புல வந்தேனே அன்னிக்கு. எங்கப்பன் பக்கத்துல தான் நின்னுனு இருந்தேன்."

பேர் தெரியாது என்று ஃபாதரிடம் சொன்னாரே என்று கேட்டேன்.

"பேரு தெரியாது தான். மூஞ்சி தெரியும்" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "வேல பாக்கற எடத்துல நான் காட்டிக் குடுத்தா உங்களுக்கு அசிங்கமாப் பூடும். நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். அதுக்குத்தான் டீ குடிச்சிட்டும் அவ்ளோ நேரம் குந்திருந்தேன்."

மேலே மரத்தில் உலுக்குகிற சத்தம் நின்றது. குத்தகைக்காரர் தராசு மாட்டிய கிளைப்பக்கமிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"ஒரு கை புடிங்க" என்று சொல்லிவிட்டு, முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு வைத்துக்கொண்டு என் முன்னால் குனிந்தார். மூட்டையைத் தூக்கி அவர் தலையில் வைத்தேன்.